குட்டி யானையா, தோஸ்தா? வாங்குமுன் எடை பாருங்க!

கோயம்பேடு மார்க்கெட்டில் விடியுமுன்பே சரக்கு வண்டிகள் வரிசை கட்டுகின்றன. வாடகை கொடுத்து அலுத்த காய்கறி வியாபாரிக்கு ஒரே ஆசை: சொந்தமாக ஒரு வண்டி. ஆனால் எதை வாங்குவது?

2005-ல் வந்தது டாடா ஏஸ். நம்ம ஊரில் அதற்குப் பெயர் 'குட்டி யானை'! சந்து பொந்தெல்லாம் நுழையும். சுமார் முக்கால் டன் ஏற்றலாம்.

2011-ல் வந்த அசோக் லேலண்டு 'தோஸ்த்' ஒண்ணேகால் டன் தாங்கும். மகிந்திரா பொலிரோ பிக்கப் இன்னும் பெரிசு. வெளியூர் லோடுக்கு ஏற்றது. விலையும் தவணையும் கூடும்.

தினசரி கணக்கு

தினமும் எவ்வளவு ஏற்றுவீர்கள்? அதுதான் கணக்கு. பொங்கல் கரும்பை நினைத்துப் பெரிய வண்டி எடுத்தால், மற்ற நாளெல்லாம் காலி இடத்துக்குத் தவணை கட்டணும். சின்ன வண்டியில் திணித்தாலோ ஸ்பிரிங் பட்டை போய்விடும். 2019-ல் திருத்திய சட்டப்படி அதிக பாரத்துக்கு அபராதம் ரூ.20 ஆயிரம், கூடுதல் டன்னுக்கு ரூ.2 ஆயிரம் தனி!

பின்னால் ஆள் ஏற்றாதீங்க

"ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோவிலுக்கும் போகலாமே" என்று நினைக்கிறீர்களா? வேண்டாம்! சரக்கு ஏற்றும் இடத்தில் ஆட்களை ஏற்றுவது குற்றம். விபத்து நடந்தால் இன்சூரன்சும் கைவிரிக்கலாம். குடும்பமும் போகணும் என்றால் பின்சீட்டு உள்ள பொலிரோ 'கேம்பர்' பாருங்க.

சரக்கை வண்டி சுமக்கட்டும். கடனை நீங்க சுமக்க வேண்டாம்!