படச்சுருள் ஒளிப்படம்

படச்சுருள் ஒளிப்படம் என்பது, ஒளியால் மாற்றமடையும் வேதிப்பொருள் பூசப்பட்ட மெல்லிய சுருளில் காட்சியைப் பதிந்து, பின்னர் கரைசல்களில் கழுவிப் பெறப்படும் படம் ஆகும். பேச்சு வழக்கில் இச்சுருள் 'பிலிம் ரோல்' எனப்படும். எண்ணிமப் படக்கருவிகள் பரவுவதற்கு முன் வீடுகளில் சேர்ந்த குடும்பப் படங்களில் பெரும்பாலானவை இம்முறையில் எடுக்கப்பட்டவையே.

வரலாறு

தொடக்ககால டாகுரியோவகைப் படம் ஒற்றைப் படியாகவே கிடைத்தது. இங்கிலாந்தின் வில்லியம் ஹென்றி பாக்ஸ் டால்பட் 1841இல் காப்புரிமை பெற்ற கலோடைப் முறையில், ஓர் எதிர்மறையிலிருந்து (நெகட்டிவ்) பல படிகள் எடுக்க முடிந்தது. ஒரே படத்தைப் பலரிடம் பகிரும் வழக்கத்துக்கு இதுவே அடித்தளம்.

1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் விற்பனைக்குக் கொண்டுவந்த கோடாக் படக்கருவியில் 100 படங்களுக்கான சுருள் முன்னதாகவே பொருத்தப்பட்டிருந்தது. எடுத்து முடித்தவர்கள் கருவியையே ஆலைக்கு அனுப்பினர். அச்சிட்ட படங்களும், புதுச் சுருள் பொருத்திய கருவியும் திரும்பி வந்தன. 1925இல் வெளிவந்த லைக்கா கருவி 35 மி.மீ. சுருளைப் பரவலாக்கியது. இதில் ஒரு படத்தின் அளவு 24×36 மி.மீ.

இந்தியாவில் பொதுத்துறை நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960இல் உதகமண்டலத்தில் நிறுவப்பட்டு, 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் 'இந்து' படச்சுருள்கள் நாடெங்கும் விற்கப்பட்டன. வண்ணப்படமும் பின்னர் எண்ணிமப்படமும் பரவியதால் நலிவடைந்த அந்த ஆலை இப்போது இயங்கவில்லை.

படம் பதியும் முறை

சுருளின் மேல் ஜெலட்டினில் கலந்த வெள்ளி ஆலைடு துகள்கள் பூசப்பட்டிருக்கும். ஒளி பட்ட துகள்களில் கண்ணுக்குப் புலப்படாத மறைபடிமம் உண்டாகும். சுருளின் ஒளியுணர் திறன் ஐ.எஸ்.ஓ. எண்ணால் குறிக்கப்படும். 400 எண் கொண்ட சுருளுக்கு, 100 எண் கொண்டதற்குத் தேவைப்படும் ஒளியில் நான்கில் ஒரு பங்கு போதும். ஆனால் படத்தில் துகள்கள் சற்றுப் பெரிதாகத் தெரியும்.

35 மி.மீ. சுருளில் பொதுவாக 24 அல்லது 36 படங்கள் எடுக்கலாம். எடுத்ததை உடனே பார்க்க இயலாது. எனவே ஒவ்வொரு படத்துக்கும் ஒளியளவையும் தொலைவையும் முன்கூட்டியே கணிக்க வேண்டும்.

கழுவுதலும் அச்சிடுதலும்

கறுப்பு வெள்ளைச் சுருளை முழு இருளில் கழுவும் கலத்துக்குள் ஏற்ற வேண்டும். உருத்துலக்கும் கரைசல் (டெவலப்பர்) ஒளி பட்ட துகள்களைக் கருமையான வெள்ளியாக மாற்றும். இது வழக்கமாக 20° செல்சியசு வெப்பநிலையில் செய்யப்படுகிறது. அடுத்து, நீர்த்த அசிட்டிக் அமிலம் அவ்வினையை நிறுத்தும். இறுதியில் 'ஹைப்போ' எனப்படும் சோடியம் தயோசல்பேட்டு, ஒளி படாத துகள்களைக் கரைத்து நீக்கும். நன்கு அலசி உலர்த்தினால் எதிர்மறை கிடைக்கும். அதில் வெளிச்சமான இடம் கறுப்பாகவும் இருண்ட இடம் தெளிவாகவும் இருக்கும்.

எதிர்மறையின் ஊடாக ஒளியைத் தாளின்மேல் செலுத்தி, அத்தாளையும் இதேபோல் கழுவினால் படம் நேராகும். கறுப்பு வெள்ளைத் தாள் சிவப்பு ஒளியை உணராது என்பதால், அச்சிடும் இருட்டறையில் சிவப்பு விளக்கு பயன்படுகிறது.

பகிர்தல்

அச்சிட்ட படிகளை உறவினருக்கு அஞ்சலில் அனுப்புவதும் படத்தொகுப்பில் ஒட்டி வைப்பதும் பழைய வழக்கங்கள். வில்லைப்படங்கள் (ஸ்லைடு) திரையில் வீழ்த்திக் காட்டப்பட்டன. இன்று எதிர்மறைகளை வருடியில் எண்ணிமமாக்கி இணையவழி பகிர்கின்றனர்.

பாதுகாப்பு

எண்ணிமமாக்கியதும் எதிர்மறைகளை எறிந்துவிடுவது தவறு. எதிர்மறையே மூலம். அச்சிட்ட படி மங்கினாலும், கணினிக் கோப்பு அழிந்தாலும், அதிலிருந்து மீண்டும் படி எடுக்கலாம்.

வெப்பமும் ஈரப்பதமும் எதிர்மறைக்குப் பகை. ஈரத்தில் ஜெலட்டின் பூஞ்சை பிடிக்கும். அசிட்டேட்டு அடித்தளம் சிதையத் தொடங்கினால் புளிக்காடி (வினிகர்) வாடை வீசும். வெளிப்படும் அமிலம் அருகிலுள்ள சுருள்களின் சிதைவையும் விரைவுபடுத்தும். ஆகையால் வாடை வீசுபவற்றைத் தனியே பிரித்து, முதலில் எண்ணிமமாக்க வேண்டும். மற்றவற்றை அமிலமற்ற தாள் உறைகளில் இட்டு, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். உறையின்மேல் ஆண்டு, ஊர், படத்தில் இருப்போர் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுவது நன்று. அவர்களை அடையாளம் காட்டக்கூடிய மூத்தோர் இருக்கும்போதே இதைச் செய்து முடிக்க வேண்டும்.