புள்ளி வைத்துப் பறக்கலாமா?

வாசலில் கோலம் போடுகிறவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். புள்ளி எத்தனை, வரிசை எத்தனை என்று முதலில் கணக்குப் பண்ணாமல் மாவைக் கையில் எடுத்தால், கோலம் தெரு நடுவில் போய்த்தான் முடியும்!

இப்போது வீட்டுக்கு வீடு வேறு ஒரு வகைப் புள்ளியைப் பற்றிப் பேச்சாக இருக்கிறது. கிரெடிட் கார்டை நீட்டிச் சாமான் வாங்கினால் புள்ளி சேருமாம். புள்ளி சேர்ந்தால் ஆகாய விமானத்தில் சும்மா ஏறிக்கொள்ளலாமாம். "இந்தக் கார்டை வாங்குங்கள் மேடம், சிங்கப்பூருக்கே பறந்து விடலாம்" என்று டெலிபோனில் தேன் ஒழுகப் பேசுகிறார்கள். கேட்கும்போது நமக்கும் கால் தரையில் பாவுவதில்லை.

பறக்க முடியாது என்று நான் சொல்ல வரவில்லை. முடியும். ஆனால் எல்லாராலும் முடியாது. எல்லாக் கார்டாலும் முடியாது. எந்தக் குடும்பத்துக்கு எந்தக் கார்டு என்பதைப் பேப்பரும் பென்சிலும் வைத்துக்கொண்டு பார்த்துவிட வேண்டும். மாதாமாதம் பால் கணக்கும் மளிகைக் கணக்கும் பார்க்கிற உங்களுக்கு இது ஒன்றும் பிரமாத வித்தை அல்ல.

யார் கொடுக்கிற இலவசம்?

பத்து அட்டைப் பெட்டியின் மூடியைக் கத்தரித்து அனுப்பினால் ஓர் எவர்சில்வர் கரண்டி இலவசம் என்று சோப்புக் கம்பெனிகள் விளம்பரம் செய்வது உண்டல்லவா? அந்த யுக்தியைத்தான் விமானக் கம்பெனிகளும் கையாண்டன. 1981-ஆம் வருஷம் மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனி, தன் விமானத்தில் பறந்த மைல்களுக்கு எல்லாம் கணக்கு வைத்து, குறிப்பிட்ட அளவு சேர்ந்ததும் இலவச டிக்கெட் தரும் திட்டத்தை ஆரம்பித்தது. போட்டிக் கம்பெனியான யுனைடெட் அதே மாதத்தில் பின்தொடர்ந்தது. பிறகு வங்கிகள் வந்து சேர்ந்தன. பறக்காமலே, மளிகைக் கடையில் நின்றபடியே புள்ளி சேர்க்கும் காலம் பிறந்தது.

இதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது? நீங்கள் கார்டைக் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் கடைக்காரர் வங்கிக்கு ஒரு சிறு விகிதம் கட்டணம் தருகிறார். நீங்கள் வருஷச் சந்தா கட்டுகிறீர்கள். பில் பணத்தை முழுவதும் கட்டாதவர்கள் வட்டி கட்டுகிறார்கள். இந்த வரவிலிருந்து ஒரு பங்கைக் கொடுத்து வங்கி விமானக் கம்பெனியிடம் புள்ளிகளை விலைக்கு வாங்கி உங்களுக்குத் தருகிறது. ஆகையால் இது தர்மம் அல்ல, வியாபாரம். வியாபாரம் என்று தெரிந்துவிட்டால், பேரம் பார்த்து வாங்குவதில் நமக்கு என்ன வெட்கம்?

புள்ளிக்கு என்ன விலை?

முதல் கேள்வி இதுதான். "வாங்கியவுடன் ஐயாயிரம் புள்ளி" என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கலாம். ஐயாயிரம் ரூபாய் என்றா போட்டிருக்கிறது? இல்லையே! ஒரு புள்ளிக்கு எத்தனை பைசா என்று தெரியாத வரையில், ஐயாயிரமும் ஒன்றுதான், ஐம்பதும் ஒன்றுதான்.

விலை கண்டுபிடிப்பது சுலபம். ஒரு டிக்கெட் ரொக்கத்துக்கு 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே டிக்கெட்டைப் புள்ளியில் வாங்கினால் 6,000 புள்ளியும், வரிக்கும் கட்டணத்துக்குமாக 1,800 ரூபாயும் கேட்கிறார்கள். (புள்ளி டிக்கெட்டிலும் வரியைக் கையிலிருந்துதான் கட்ட வேண்டும், இதை டெலிபோனில் சொல்ல மாட்டார்கள்.) 9,000-த்தில் 1,800 போனால் மிச்சம் 7,200. அதை 6,000-ஆல் வகுத்தால் புள்ளிக்கு 1 ரூபாய் 20 பைசா. நல்ல விலை.

வேறொரு நாள் அதே டிக்கெட் ரொக்கத்துக்கு 5,000 ரூபாய்க்கே கிடைக்கிறது. புள்ளிக் கணக்கு மாறவில்லை. இப்போது புள்ளியின் மதிப்பு 53 பைசாதான்! அன்றைக்குப் பணம் கொடுத்துவிட்டுப் புள்ளியைப் பெட்டியில் வைத்திருப்பதே சாமர்த்தியம். அதே புள்ளியைக் கொடுத்து மிக்ஸியோ டின்னர் செட்டோ வாங்கினால் பெரும்பாலும் மதிப்பு இன்னும் இறங்கிவிடும்.

மூன்று கார்டு, ஒரு குடும்பம்

மாம்பலத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 40,000 ரூபாய் கார்டில் செலவாகிறது. அதில் பெட்ரோல், வீட்டு வாடகை, இன்ஷூரன்ஸ், மின்சாரக் கட்டணம் போன்றவற்றுக்குப் பல வங்கிகள் புள்ளி தருவதில்லை, அல்லது குறைத்துத் தருகின்றன. ஆகவே புள்ளி தேறும் செலவு மாதம் 30,000. வருஷத்துக்கு 3,60,000 ரூபாய். புள்ளிக்குச் சராசரி 80 பைசா மதிப்பு என்று கொள்வோம். கீழே உள்ள கார்டுகள் கணக்குக்காக நான் கற்பித்தவை. உங்களுக்கு வரும் கார்டின் எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் கார்டுக்குச் சந்தாவே இல்லை. நூறு ரூபாய்க்கு ஒரு புள்ளி. வருஷத்துக்கு 3,600 புள்ளி. மதிப்பு 2,880 ரூபாய், அத்தனையும் லாபம்.

இரண்டாவது கார்டுக்குச் சந்தா 3,000. அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தால் 3,540. நூறு ரூபாய்க்கு இரண்டு புள்ளி. 7,200 புள்ளிக்கு மதிப்பு 5,760. சந்தா போக லாபம் 2,220.

மூன்றாவது கார்டு பளபளவென்று கறுப்பாக மின்னுகிறது. சந்தா 10,000; வரியோடு 11,800. நூறு ரூபாய்க்கு நான்கு புள்ளி. 14,400 புள்ளிக்கு மதிப்பு 11,520. கூட்டிக் கழித்தால் 280 ரூபாய் நஷ்டம்!

பார்த்தீர்களா வேடிக்கையை? புள்ளியை அள்ளிக் கொடுக்கும் கார்டு நஷ்டத்தில் விடுகிறது. ஒன்றும் இல்லாததுபோல் இருந்த சாதுக் கார்டு முதல் பரிசு வாங்குகிறது. ஆனால் புள்ளி தேறும் செலவே மாதம் ஒரு லட்சம் ஆகும் குடும்பத்துக்கு இதே கணக்கைப் போட்டால் தலைகீழ். முதல் கார்டில் 9,600, இரண்டாவதில் 15,660, மூன்றாவதில் 26,600 ரூபாய் லாபம். ஆக, "எது நல்ல கார்டு?" என்று கேட்பதில் அர்த்தமில்லை. யார் வீட்டுக்கு என்று கேட்க வேண்டும். அண்டை வீட்டு அம்மாளின் ரவிக்கை அளவு நமக்குப் பொருந்துமா?

எந்த விமானம் உங்கள் விமானம்?

அடுத்தபடி, நீங்கள் எங்கே போகிறவர்? மதுரைக்கும் டில்லிக்கும் போய் வருகிறவரா? சிங்கப்பூரில் இருக்கும் பெண்ணைப் பார்க்கப் போகிறவரா? லண்டனில் பிள்ளை இருக்கிறானா? அதற்குத் தகுந்த புள்ளியாகச் சேர்க்க வேண்டும்.

இன்டிகோ 2024-இல் புளூசிப் என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஏர் இந்தியாவின் திட்டம் மகாராஜா கிளப் என்ற பெயரில் நடக்கிறது. ஏர் இந்தியா 2014-ஆம் வருஷம் ஸ்டார் அலையன்ஸ் என்ற கூட்டணியில் சேர்ந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் லுஃப்தான்ஸாவும் அதே கூட்டணி. பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார், ஸ்ரீலங்கன் ஆகியவை ஒன்வேர்ல்டு என்னும் வேறு கூட்டணி. ஒரே கூட்டணிக்குள் ஒரு கம்பெனியின் புள்ளியால் மற்றதன் விமானத்தில் டிக்கெட் வாங்க வழி உண்டு.

கார்டிலும் இரண்டு ஜாதி. ஒன்றில் வங்கியின் பெயரோடு விமானக் கம்பெனியின் பெயரும் சேர்ந்து அச்சாகியிருக்கும்; புள்ளி நேராக அந்தக் கம்பெனிக் கணக்குக்குப் போய்விடும். எப்போதும் ஒரே விமானத்தில் போகிறவர்களுக்கு இது சௌகரியம். மற்றதில் வங்கியின் சொந்தப் புள்ளி சேரும். வேண்டும்போது பல கம்பெனிகளில் ஒன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒன்றுக்கு ஒன்றா, இரண்டுக்கு ஒன்றா என்று மாற்று விகிதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாற்றிய புள்ளி பொதுவாகத் திரும்பி வராது. ஆகையால் முதலில் ஸீட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு மாற்றுங்கள். புள்ளிக்கென்று ஒதுக்கும் ஸீட்டுகள் கொஞ்சம். பள்ளிக்கூட லீவு நாட்களில் அவை சீக்கிரமே காணாமற் போய்விடும்.

இன்னொரு விஷயம். புள்ளி என்பது நகை அல்ல, பெட்டியில் வைத்துப் பூட்டிப் பேத்திக்குக் கொடுக்க. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல்களுக்கு மூன்று வருஷம்தான் ஆயுள். கம்பெனிகளின் ஆயுளும் நிச்சயமில்லை. கிங்ஃபிஷர் 2012-இலும், ஜெட் ஏர்வேஸ் 2019-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்திலும் பறப்பதை நிறுத்தின. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு ஐக்கியமாயிற்று. அதன் புள்ளிகள் ஏர் இந்தியா திட்டத்துக்கு மாறின. ஆகையால் புள்ளி சேர்ந்தால் வடகத்தைப் போல் பருவத்தில் எடுத்து உபயோகித்துவிட வேண்டும்.

வட்டி என்னும் பூதம்

இதுவரை சொன்ன கணக்கெல்லாம், மாதாமாதம் பில் பணத்தை முழுவதும் கட்டுகிறவர்களுக்கு மட்டும். பில்லில் "குறைந்தபட்சம் கட்ட வேண்டியது" என்று ஒரு சின்னத் தொகை போட்டிருப்பார்கள். அதை மட்டும் கட்டினால் போதும் என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். பாக்கிக்கு மாதம் மூன்றரை சதவீதம் வட்டி என்பது சாதாரணமாக இருக்கும் விகிதம். 60,000 ரூபாய் பாக்கி ஒரு மாதம் நின்றால் வட்டி 2,100, அதற்கு வரி 378, ஆக 2,478 ரூபாய். மாம்பலம் குடும்பம் இரண்டாவது கார்டில் வருஷம் முழுவதும் சேர்த்த லாபத்தை ஒரே மாதத்து அசட்டை விழுங்கிவிட்டது! அது மட்டுமா? பாக்கி தீரும் வரையில் புதிதாக வாங்கும் சாமானுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

வெளிநாட்டில் கார்டை நீட்டும்போதும் ஜாக்கிரதை. பல கார்டுகளில் அந்நியச் செலாவணிக் கட்டணம் மூன்றரை சதவீதம். வரியோடு ஒரு லட்சத்துக்கு 4,130 ரூபாய். அதே லட்சத்துக்கு இரண்டாவது கார்டு தரும் புள்ளியின் மதிப்போ 1,600 ரூபாய்.

கார்டு யார் பேரில்?

கடைசியாக, சகோதரிகளே, உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை. பெரும்பாலான வீடுகளில் கார்டு கணவர் பேரில் இருக்கிறது; மனைவிக்குக் கிடைப்பது கூடுதல் கார்டு. காய்கறி முதல் கல்யாண ஜவுளி வரை அலைந்து வாங்குவது நீங்கள். புள்ளி போய்ச் சேருவது அவர் கணக்கில். ஒழுங்காகக் கடன் அடைத்தவர் என்ற நல்ல பெயரும் பொதுவாக அவருடைய கணக்கில்தான் ஏறுகிறது. நாளைக்கு உங்கள் பேரில் ஒரு கடன் தேவைப்பட்டால், "உங்களைப் பற்றி எங்களிடம் ஒரு விவரமும் இல்லையே!" என்று வங்கி கைவிரித்துவிடலாம்.

இதற்காகச் சண்டை போட வேண்டியதில்லை. சம்பாதிக்கிறவர்கள் தங்கள் பேரிலேயே கார்டு கேட்கலாம். சம்பளம் இல்லாதவர்களுக்கும், பிக்ஸட் டெபாசிட்டின் பேரில் கார்டு கொடுக்கும் வங்கிகள் இருக்கின்றன. அதற்கும் புள்ளி உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கையில் சட்டமும் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, உங்கள் சம்மதம் இல்லாமல் கார்டை உங்கள் தலையில் கட்டக் கூடாது. விண்ணப்பத்தோடு வட்டி, கட்டணம் முதலிய முக்கிய விவரங்களை ஒரே பக்கத்தில் எழுதித் தர வேண்டும். அந்த ஒரு பக்கத்தைப் படியுங்கள். விளம்பரத்தின் பத்துப் பக்கத்தைவிட அதில் விஷயம் அதிகம். கார்டு வேண்டாமென்று, பாக்கியைத் தீர்த்துவிட்டு எழுதிக் கொடுத்தால், ஏழு வேலை நாட்களுக்குள் மூடியாக வேண்டும். தவறினால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் வங்கி உங்களுக்கு 500 ரூபாய் அபராதம் தர வேண்டும்.

ஆக, எப்படியும் செய்யப்போகிற செலவுக்குப் புள்ளி வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். புள்ளிக்காக என்று ஒரு புடவை கூட அதிகம் எடுக்காதீர்கள்.

அடுத்த தடவை டெலிபோனில் அந்தத் தேன்குரல் கேட்டால் கோபித்துக்கொண்டு வைத்துவிடாதீர்கள், பாவம். "ஏன் தம்பி, உங்கள் புள்ளி ஒன்றுக்கு எத்தனை பைசா?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வருகிறதா, டெலிபோன் வைக்கும் சத்தம் வருகிறதா என்று பார்க்கலாம்!