மலைநடையும் நிழற்படமும்

மலையை அடிவாரத்தில் நின்று காண்பது ஓர் இன்பம். அதன்மீது நடந்து காண்பது பேரின்பம். துணையின்றித் தனியே நடப்போர்க்குப் பேச்சு ஒழிகிறது. செவியும் கண்ணும் கூர்மை பெறுகின்றன. அவ்வாறு நடப்பவர் கையில் நிழற்படக் கருவி ஒன்றும் இருக்குமானால், அவர் ஒருவர் கண்ட காட்சி ஊரார் அனைவரும் காணும் காட்சியாகிவிடுகிறது. ஆயினும் இஃது எளிய கலை அன்று. பருவத்தின் இயல்பையும் விலங்குகளின் பழக்கத்தையும் அறிந்தோர்க்கே இது கைகூடும். அவ்வறிவோடு அடக்கமும் வேண்டும். இவ்வுண்மையைத் தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரத்தைச் சூழ்ந்த மலைக்காடுகள் நமக்கு நன்கு உணர்த்துகின்றன.

பென்னாகரம் மேட்டுநிலத்தில் அமைந்த ஊர். அங்கிருந்து மேற்கே செல்லும் சாலை, காடு அடர்ந்த மலைச்சரிவில் வளைந்து வளைந்து இறங்கி ஒகேனக்கல்லை அடைகிறது. தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் ஏறத்தாழ 46 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. காவிரி பாறைகளுக்கிடையே பல கிளைகளாகப் பிரிந்து அருவிகளாக வீழும் இடம் அது. நீர்த்திவலைகள் புகைபோல் எழுவதால், ‘புகையும் கல்’ எனப் பொருள்படும் கன்னடப் பெயர் அதற்கு வாய்த்தது. அதன் அருகே சின்னாறு வந்து காவிரியோடு கலக்கிறது. வடமேற்கே மேலகிரி மலைத்தொடர், 1,000 மீட்டருக்கும் மேற்பட்ட முடிகளோடு நிமிர்ந்து நிற்கிறது.

குளிர் நாடுகளில் இளவேனில் என்பது பனி உருகிப் புல் துளிர்க்கும் காலம். நம் மலைகளின் இளவேனில் வேறு வகையானது. நம் முன்னோர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்து, சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றனர். அதற்கு முன்பே, மாசி பங்குனித் திங்கள்களில், இக்காட்டு மரங்களுட் பல தம் இலைகளை உதிர்த்துவிடுகின்றன. மரங்கள் பட்டுப்போயின என்று புதியவர் எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. இலைகளின் வழியே நீர் ஆவியாக வெளியேறிக்கொண்டே இருக்கும். மண்ணில் ஈரம் குன்றிய காலத்தில் அச்செலவைக் குறைத்து உயிரைக் காத்துக்கொள்ளவே மரம் இலையைத் துறக்கிறது. பின்னர் ஓரிரு முறை கோடைமழை பெய்தவுடன், வறண்டு கிடந்த சரிவெங்கும் இளந்தளிர் தோன்றும். ஆற்றங்கரையில் நிற்கும் நீர்மருத மரங்களோ கடுங்கோடையிலும் நிழல் தருவன.

மழைக்காலத்தில் பத்தடி தொலைவிலுள்ள விலங்கையும் தழை மறைத்துவிடும். இலையுதிர்ந்த காட்டிலோ பார்வை நெடுந்தொலைவு செல்லும். மேலும், சிற்றோடைகளும் குட்டைகளும் வற்றிவிடுவதால், விலங்குகள் வற்றாத நீரை நாடிக் காவிரிக்கரைக்கு இறங்கி வருகின்றன. யானை ஒன்றுக்கு நாள்தோறும் நூறு லிட்டருக்கு மேல் நீர் வேண்டும். ஆதலின் யானைக் கூட்டம் நீரைவிட்டு நெடுந்தொலைவு விலகி வாழ இயலாது. கரையோர மரங்களில் சாம்பல் நிற மலை அணில் தாவித் திரியும். ஆற்றில் நீர்நாய்கள் மீன் பிடிக்கும். பாறைமீது முதலை வெயில் காயும். காண விழைவோர்க்கு இது நல்ல பருவம். ஆனால் விலங்குகளுக்கு இது துன்பப் பருவம் என்பதையும் மறத்தலாகாது. நீர்த்துறையில் அவற்றை அஞ்சியோடச் செய்பவன், அவை உயிர் வாழ்வதற்கான நீரையே பறித்தவன் ஆகிறான்.

இக்காடுகளை உலகறியச் செய்தவர்களுள் கென்னத் ஆண்டர்சன் குறிப்பிடத்தக்கவர். 1910இல் பிறந்து 1974இல் மறைந்த இவர் பெங்களூரில் வாழ்ந்தவர். இவருடைய வேட்டை நூல்களில் பென்னாகரமும் ஒகேனக்கல்லும் சின்னாறும் மீண்டும் மீண்டும் இடம்பெறுகின்றன. மனிதரைக் கொன்று தின்னும் புலி, சிறுத்தை ஆகியவற்றைத் தேடி இவர் இக்காடுகளில் அலைந்தார். வேட்டைக்காக மட்டுமன்றி, காட்டின் அமைதியை நுகர்வதற்காகவும் தனியே செல்வது இவர் வழக்கம். காட்டிலே பிறந்து வளர்ந்த பைரா என்னும் பூசாரி இனத்தவரிடமிருந்து தாம் பெற்ற காட்டறிவை நன்றியோடு எழுதியுள்ளார். பிற்காலத்தில் இவர் மனம் துப்பாக்கியை விட்டு நிழற்படக் கருவியை நாடிற்று. காட்டுயிர்களைக் காக்க வேண்டும் என்று இவர் வற்புறுத்தலானார்.

இத்தகைய மனமாற்றம் வட இந்தியாவிலும் முன்னரே நிகழ்ந்தது. அங்குக் காட்டு அலுவலராகப் பணியாற்றிய எஃப். டபிள்யூ. சாம்பியன், புலியைச் சுடுவதைவிட அதனைப் படம் எடுப்பதே அரிய செயல் எனக் கொண்டார். விலங்கு நடக்கும் தடத்தில் மெல்லிய கம்பியைக் கட்டி, அதனை விலங்கின் கால் தீண்டியவுடன் கருவி தானே இயங்குமாறு செய்தார். இவ்வாறு இரவில் எடுத்த புலிப் படங்களோடு இவருடைய நூல் 1927இல் வெளிவந்தது.

வேட்டைக்காரனுக்கும் நிழற்படக் கலைஞனுக்கும் வேண்டிய அறிவு பெரும்பாலும் ஒன்றே. இருவரும் அடிச்சுவட்டைப் படிக்க வேண்டும். காற்று வீசும் திசையை அறிந்து நடக்க வேண்டும். யானைக்குப் பார்வை மங்கல். மோப்பமோ மிகக் கூர்மை. மனிதனிடமிருந்து யானையை நோக்கிக் காற்று வீசுமாயின், அவன் எவ்வளவு ஓசையின்றி நடந்தாலும் பயனில்லை. எனினும் இருவருள் கலைஞனின் பணியே கடினமானது. வேட்டைக்காரனுக்கு ஒரு கணம் போதும். கலைஞனுக்கோ விலங்கும் வேண்டும். அதன்மீது விழும் ஒளியும் வேண்டும். இடையே கிளை மறைக்காமலும் இருத்தல் வேண்டும். நண்பகல் வெயிலில் நிழல் கருத்து, உருவம் தெளிவின்றிப் போகும். காலையிலும் மாலையிலும் சாய்ந்து விழும் ஒளியே உருவத்தின் திரட்சியைக் காட்டும். அவ்வொளிக்காக அவன் பொறுமையோடு காத்திருக்க வேண்டும்.

அப்பொறுமைக்கு இலக்கணமாக விளங்கியவர் மா. கிருஷ்ணன். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மைந்தரான இவர், 1912இல் திருநெல்வேலியில் பிறந்தார். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளை ஒன்று கூட்டித் தமக்கெனப் பெரியதொரு கருவியை அமைத்துக்கொண்டு, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என வேடிக்கையாகப் பெயரிட்டார். அதனைக் கொண்டு காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுத்தார். ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல் தாம் மறைந்த 1996ஆம் ஆண்டு வரை இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். தமிழிலும் கட்டுரைகள் வரைந்தார். 1970இல் பத்மஸ்ரீ விருது இவருக்கு வழங்கப்பட்டது. ஒரு நாட்டின் மரமும் கொடியும் விலங்கும் பறவையுமே அந்நாட்டின் அடையாளம் என்பது இவர் கொள்கை. ஆதலின் இவர் எடுத்த படங்கள் வெறும் அழகுப் பொருள்கள் அல்ல. நாட்டின் செல்வத்தைக் குறித்து வைத்த சான்றுகள்.

இன்று நிழற்படக் கருவி அனைவர் கையிலும் உள்ளது. படச்சுருளின் அளவைக் கருதிச் சிக்கனமாக எடுத்த காலம் போய், ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் எடுக்கும் காலம் வந்துவிட்டது. கருவி எளிதானதால் பொறுமை குறைந்தது. சாலையோரம் நிற்கும் யானையை நெருங்கி, அதனோடு தம் உருவத்தையும் சேர்த்துப் படம் எடுக்க முனைந்து உயிரிழந்தோர் உண்டு. கூட்டிலுள்ள குஞ்சுகளைப் படம் பிடிப்பதற்காக மறைப்புத் தழையை விலக்கி, அவற்றை வெயிலுக்கும் பருந்துக்கும் இரையாக்குவோரும் உளர். துப்பாக்கி செய்த தீங்கை, அறியாமையோடு ஏந்திய கருவியும் செய்யக்கூடும்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுயிர்களுக்கு அரணாக அமைந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் 2014இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமும், 2022இல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. ஆதலின் ஆண்டர்சன் காலத்தில் போல விரும்பியவர் விரும்பியவாறு இக்காடுகளுள் நுழைதல் இன்று கூடாது. வனத்துறையின் இசைவு பெற வேண்டும்; அவர்கள் காட்டும் வழியில், அவர்கள் துணையோடு செல்ல வேண்டும். அவ்வாறு செல்லும்போதும் பேச்சை அடக்கிக் கண்ணையும் செவியையும் திறந்து வைப்போர்க்குத் தனிநடையின் பயன் முழுதும் கிட்டும்.

நல்ல படம் எடுத்ததன் அடையாளம் படத்தில் மட்டும் இல்லை. படம் எடுத்த இடத்திலும் உண்டு. கலைஞன் வந்ததையும் போனதையும் அறியாமல் யானை நீர் பருகிக்கொண்டிருக்குமாயின், பறவை தன் கூட்டில் அமைதியாக அமர்ந்திருக்குமாயின், அவனே மலையை முறையாகக் கண்டவன். பென்னாகரத்து மலைகளில் வேட்டைக்காரர் ஒருவர் துப்பாக்கியைத் தாழ்த்திக் கருவியை ஏந்தினார். அக்கருவியையும் தாழ்த்த வேண்டிய கணம் எது என்பதை அறிதல் நம் தலைமுறையின் கடமையாகும்.