கொள்ளுத்தாத்தாவும் கொள்ளுப்பேரனும்

ஆஸ்திரேலியாவில் மனிதர்களின் உருவப்படங்களுக்கு 'ஆர்ச்சிபால்ட்' என்றொரு பெரிய பரிசு உண்டு. 1921-ஆம் ஆண்டு முதல் சிட்னி நகரில் வழங்கப்படுகிறது. 1956-இல் ஒரு பழங்குடி மனிதரின் படத்துக்கு அந்தப் பரிசு கிடைத்தது. படத்தில் இருந்தவர் ஆல்பர்ட் நமட்ஜிரா. பரிசைப் பெற்றவரோ, அவரை வரைந்த வில்லியம் டார்கி என்ற வெள்ளைக்கார ஓவியர்.

64 ஆண்டுகள் கழிந்தன. 2020-இல் அதே பரிசை வின்சென்ட் நமட்ஜிரா வென்றார். அந்தப் பரிசின் 99 ஆண்டு வரலாற்றில் அதை வென்ற முதல் பழங்குடி ஓவியர் இவர்தான். இவர் யார் தெரியுமா குழந்தைகளே? ஆல்பர்ட்டின் கொள்ளுப்பேரன்!

ஒட்டகம் ஓட்டியவர்

ஆல்பர்ட் 1902-இல் ஹெர்மன்ஸ்பர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். நாட்டின் நட்டநடுவே, சிவப்பு மண்ணும் மலைகளும் சூழ்ந்த ஊர். அவர் அரண்டா இனத்தைச் சேர்ந்தவர். 1936-இல் ரெக்ஸ் பேட்டர்பீ என்ற ஓவியர் படம் வரைய அங்கே வந்தார். அவருக்கு ஆல்பர்ட் ஒட்டகம் ஓட்டி வழிகாட்டினார். பதிலுக்கு அவர் நீர்வண்ண ஓவியம் கற்றுக் கொடுத்தார்.

இரண்டே ஆண்டுகளில் மெல்பர்ன் நகரில் ஆல்பர்ட்டின் ஓவியக் கண்காட்சி! வைத்த படங்கள் எல்லாம் விற்றுத் தீர்ந்தன. ஊதா நிற மலைகளும் வெள்ளை மரங்களும் நாடெங்கும் வீடுகளில் தொங்கின. ஆனால், புகழ் பெற்ற அவருக்கு ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரில் ஒரு வீடு கட்டிக்கொள்ள அனுமதி இல்லை. பழங்குடியினருக்கு அன்று அந்த உரிமை கிடையாது.

1957-இல் அவருக்கும் மனைவி ரூபினாவுக்கும் மட்டும் முழுக் குடியுரிமை தரப்பட்டது. பிள்ளைகளுக்குத் தரவில்லை. மறு ஆண்டே, குடியுரிமை இல்லாத உறவினருக்கு மது கொடுத்தார் என்று அவருக்குத் தண்டனை கிடைத்தது. உள்ளதை உறவினரோடு பகிர்வது அவர்கள் வழக்கம். சட்டமோ அதைக் குற்றம் என்றது! இரண்டு மாதம் காவலில் இருந்து வந்த ஆல்பர்ட், மனமுடைந்து 1959-இல் இறந்தார்.

ஊர் திரும்பிய பையன்

வின்சென்ட் பிறந்தது 1983-இல். எட்டு வயதில் அம்மாவை இழந்தார். அவரையும் அக்காவையும் தொலைதூரத்தில் உள்ள பெர்த் நகருக்கு அனுப்பி, வேறு குடும்பங்களில் வளர்த்தார்கள். சொந்த மொழி, சொந்த பந்தம் எதுவும் அருகில் இல்லை.

18 வயதில் உறவுகளைத் தேடி ஹெர்மன்ஸ்பர்க் திரும்பினார். கொள்ளுத்தாத்தாவின் பெருமையை அங்கேதான் முழுமையாகத் தெரிந்துகொண்டார். பின்னர் மனைவியின் ஊரான இண்டுல்கானாவில் குடியேறி, அங்குள்ள ஓவிய மையத்தில் தூரிகை பிடித்தார். முதலில் புள்ளி ஓவியம், அப்புறம் முகங்கள். 2014-இல் ஆல்பர்ட்டின் வாழ்க்கையையே வரிசைப் படங்களாகத் தீட்டினார்.

அவர் படங்களில் குறும்பும் உண்டு. இங்கிலாந்து அரசியைத் தன் ஊர்ச் சிவப்பு மண்ணுக்கே கூட்டி வந்து, பக்கத்தில் தன்னையும் வரைந்துவிடுவார்! அரசியும் தலைவர்களும் தன் தூரிகையின் முன் சமம் என்கிறது அந்தக் குறும்பு.

பரிசு பெற்ற படத்தில் வின்சென்ட்டும் கால்பந்து வீரர் ஆடம் கூட்ஸும் கைகோத்து நிற்கிறார்கள். கூட்ஸும் பழங்குடி. இனவெறியை எதிர்த்துப் பேசியதால் மைதானங்களில் ரசிகர்களின் கூச்சலுக்கு ஆளாகி, 2015-இல் ஆட்டத்திலிருந்து விலகியவர். 'நீ நீயாகவே உறுதியாக நில்' என்பதே படத்தின் தலைப்பு.

ஒரு டாலருக்குத் திரும்பிய சொத்து

வின்சென்ட் பிறந்த அதே 1983-இல் இன்னொன்றும் நடந்தது. ஆல்பர்ட் ஓவியங்களின் பதிப்புரிமையை, குடும்பத்தைக் கேட்காமலே, அரசு அதிகாரி ஒருவர் 8,500 டாலருக்கு விற்றுவிட்டார். தாத்தாவின் படம் அச்சாகும்போது பேரப்பிள்ளைகளுக்கு ஒரு காசும் வரவில்லை. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, 2017-இல், வெறும் 1 டாலர் விலைக்கு உரிமை குடும்ப அறக்கட்டளையிடம் திரும்பி வந்தது.

ஆல்பர்ட்டின் வழிவந்த மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஓவிய மையத்தில் அவர்கள் அதே மலைகளை, அதே நீர்வண்ணத்தில் தீட்டி வருகிறார்கள். வின்சென்ட் மட்டும் அந்த மலைகளுக்கு முன்னால் மனிதர்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்.