தாய்ப்பலகை பழுதா? வீட்டில் திருத்தக்கூடியதும் திருத்தக்கூடாததும்

க.பொ.த. (சாதாரண தரம்) தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் – கணினி வன்பொருள்



"படத்தில் காட்டப்பட்டுள்ள தாய்ப்பலகையின் பகுதிகளைப் பெயரிடுக" என்று கேட்டால் நீங்கள் எல்லோரும் எழுதிவிடுவீர்கள். அம்புக்குறி போட்ட இடமெல்லாம் பெயர் போடப் பழகியிருக்கிறீர்கள். ஆனால் அப்பகுதி என்ன வேலை செய்கிறது, அது பழுதானால் கணினி என்ன குறி காட்டும் என்று கேட்டால் வகுப்பே மௌனமாகிவிடும். உங்களைக் குறை சொல்லவில்லை. நான் கலைப்பிரிவிற் பட்டம் பெற்றவன். எனக்கும் நீண்டகாலம் அதே நிலைதான். தாய்ப்பலகையை முதன்முதலாகக் கழற்றிக் கையில் எடுக்க வைத்தது பாடநூல் அன்று, வெள்ளம்.

2018 டிசெம்பரில் சாதாரண தரப் பரீட்சை முடிந்து சில நாட்களின் பின், 21, 22 ஆம் திகதிகளில் பெய்த மழையை வன்னியில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. எமது ரியூசன் கொட்டிலில் மேசைக்குக் கீழே நிலத்தில் இருந்த ஒரேயொரு கணினியும் நீரில் நின்றது. தண்ணீர் வற்றியதும் அதைத் திருத்தும் இடமொன்றுக்குக் கொண்டுபோனேன். பெட்டியின் மூடியைக்கூடக் கழற்றாமல் "போர்ட் போய்விட்டது, புதிது வாங்குங்கள்" என்றார்கள். அடுத்த ஆண்டு பரீட்சை எழுதவிருந்த வகுப்புக்கு இருந்தது அந்த ஒன்றுதான். புதிது வாங்கப் பணமில்லை. ஆகவே நானே மூடியைக் கழற்றினேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. இக்கட்டுரையில் வரும் வேலைகளைப் பெரியவர் ஒருவர் அருகில் இல்லாமற் செய்ய வேண்டாம். எமது வீட்டு மின்வழங்கல் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ் ஆடலோட்டம். அதன் உச்சப் பெறுமானம் ஏறத்தாழ 325 வோல்ற்று. கணினிப் பெட்டியின் பின்புறத்தில் உள்ள வலு வழங்கல் அலகின் (கடையில் 'பவர் சப்ளை' என்பார்கள்) உள்ளேயுள்ள பெரிய கொள்ளளவிகள் அந்த அளவு அழுத்தத்தைச் செருகியைக் கழற்றிய பின்னரும் சிறிது நேரம் தேக்கி வைத்திருக்கும். எனவே வலு வழங்கல் அலகை ஒருபோதும் திறக்கக்கூடாது. பழுதானால் மாற்றுவதே முறை. தாய்ப்பலகைக்கு வருவதோ 12 வோல்ற்றும் அதற்குக் குறைந்த நேரோட்டமும்தான். வீட்டில் தாய்ப்பலகையைத் தொடலாம், வலு வழங்கல் அலகைத் திறக்கக்கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுவே.

நனைந்த பலகை

நனைந்த கணினியை "ஒருதரம் போட்டுப் பார்ப்போம்" என்று இயக்குவதுதான் பெரிய பிழை. செருகியைக் கழற்றுங்கள். பின்னர் முன்பக்க ஆளியைச் சில செக்கன் அழுத்தினால் மிஞ்சியிருக்கும் ஏற்றம் வெளியேறும். அடுத்ததாக, பலகையிலுள்ள நாணயம் போன்ற 3 வோல்ற்று மின்கலத்தைக் கழற்றுங்கள். இதற்குக் காரணம் உங்கள் விஞ்ஞானப் பாடத்தில் இருக்கிறது. அழுக்குநீர் ஒரு மின்பகுபொருள். மின்கலம் பொருத்தியபடி இருந்தால் பலகையின் மேல் மின்பகுப்பு நடைபெறும்; நேர்முனையோடு இணைந்த செப்புத் தடம் கரையத் தொடங்கும். நான் கழற்றியபோது மின்கலத்தைச் சுற்றிப் பச்சை நிறப் படிவு தொடங்கியிருந்தது. மின்பகுப்பைப் படிப்பிக்க அதைவிட நல்ல உதாரணம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

றாம், விரிவாக்க அட்டைகள், முறைவழியாக்கியின் மேலுள்ள விசிறி என்பவற்றைக் கழற்றியபின், சேறு போகும்வரை மென்மையான பல்தூரிகையால் நல்ல நீரிற் கழுவலாம். மின் இல்லாத பலகையை நீர் கொல்லாது என்பதை முதலில் எனக்கே நம்ப முடியவில்லை. ஆனால் கடைசிக் கழுவலுக்குக் கிணற்று நீர் கூடாது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவைப் பார்த்திருப்பீர்கள். அதே உப்புக்கள் காய்ந்தபின் பலகையிலும் படியும். வாகன பற்றரிக்கு விடுவதற்கென விற்கப்படும் காய்ச்சி வடித்த நீர் பொருத்தமானது. ஐசோபுரொப்பைல் அற்ககோல் கிடைத்தால் இன்னும் நல்லது. அதன்பின் நிழலில், மேசை விசிறிக் காற்றில், மூன்று நான்கு நாள் காயவிடுங்கள். அரிசி மூடைக்குள் புதைப்பதால் பயனில்லை. தூசியும் மாவும்தான் இடுக்குகளுக்குள் போகும்.

பழுது எங்கே என்று கண்டறிதல்

காய்ந்த பலகையை உடனே பெட்டிக்குள் பூட்ட வேண்டாம். காய்ந்த கடதாசி மட்டையொன்றின் மேல் வைத்து முறைவழியாக்கியும் அதன் விசிறியும், ஒரேயொரு றாம், வலு வழங்கல் அலகு, திரை ஆகியவற்றை மட்டும் இணையுங்கள். வன்தட்டு, இறுவட்டுச் செலுத்தி, விரிவாக்க அட்டைகள் எதுவும் வேண்டாம். (திரைக்கான இணைப்பு பலகையிலேயே இல்லாவிட்டால் வரைவியல் அட்டை மட்டும் வேண்டும்.) குறைந்தளவு பாகங்களோடு இயங்கினால், ஒவ்வொன்றாகச் சேர்த்து எதைச் சேர்க்கும்போது நிற்கிறது என்று பார்க்கலாம். தாய்ப்பலகைதான் பழுது என்ற முடிவு, மற்ற ஒவ்வொன்றையும் நீக்கிய பின் கடைசியாக வர வேண்டிய முடிவு. முதலில் சொல்லப்படும்போது அது பெரும்பாலும் ஊகமே.

எதுவுமே நடக்கவில்லையா? விசிறி சுழலவில்லை, விளக்கும் இல்லையா? சுவர் ஆளியில் தொடங்குங்கள். பின்னர் வடம், அதன்பின் வேறொரு நல்ல வலு வழங்கல் அலகு. பல்மானி இருந்தால் அளக்கலாம். 12 வோல்ற்று வழி 11.4 இற்கும் 12.6 இற்கும் இடையில் இருக்க வேண்டும். 5 வோல்ற்று வழி 4.75 இற்கும் 5.25 இற்கும் இடையில். 24 முனைச் செருகியை மட்டும் போட்டுவிட்டு, முறைவழியாக்கிக்கு அருகில் வரும் 4 முனைச் சிறு செருகியை மறப்பது எல்லோரும் விடும் தவறு. நானும் விட்டேன். அரை நாள் போனது.

விசிறி ஒருதரம் அசைந்து உடனே நின்றால் எங்கோ குறுஞ்சுற்று இருக்கலாம். பலகையின் அடியில் ஒரு திருகாணி விழுந்து கிடந்தாலே போதும். எமது பக்கத்தில் பல்லியையும் எறும்பையும்கூடத் தேட வேண்டும்.

விசிறி சுழல்கிறது, திரை கறுப்பு, பீப் ஒலி கேட்கிறது என்றால் பலகை உயிரோடு இருக்கிறது என்பது அர்த்தம்! பயஸ் தனது தொடக்கச் சுயசோதனையை நடத்தி, குறையை ஒலியாற் சொல்கிறது. ஒலிகளின் பொருள் பயஸ் தயாரிப்பாளருக்கு ஏற்ப மாறுபடும். எனினும் முதலில் சந்தேகிக்க வேண்டியது றாமையே. அதைக் கழற்றி, பொன்னிற முனைகளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதாமல் (வாயிலிருந்து ஈரம் போகும்) தூரிகையால் தட்டிவிட்டு, மீண்டும் இரு பக்கமும் 'கிளிக்' என்று பூட்டும்வரை அழுத்துங்கள். பாகங்களைத் தொடுமுன் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னை நீக்கிக்கொள்வதை மறவாதீர்கள்.

எமது கணினிக்கு வேண்டியிருந்தவை இரண்டே. நீரில் நின்ற வலு வழங்கல் அலகுக்குப் பதிலாக இன்னொன்று, றாமுக்கு அழிறப்பர். "போய்விட்ட" பலகை 2019 தை மாதம் வகுப்பு தொடங்கும்போது இயங்கியது.

ஒவ்வொரு முறை இயக்கும்போதும் திகதியும் நேரமும் பழையபடி மாறிவிடுவது பலகைப் பழுது அன்று; நாணய வடிவ மின்கலம் தீர்ந்துவிட்டது. பரீட்சைக்கு மிகவும் ஏற்ற வினா இது.

உப்பிய கொள்ளளவிகள்

அதே கணினி 2020 இல் வேறு குறி காட்டியது. சூடானதும் தானாக நின்று மீண்டும் தொடங்கும். முறைவழியாக்கியின் அருகில் வரிசையாக நிற்கும் உருளை வடிவக் கொள்ளளவிகளில் நான்கின் தலை, தட்டையாக இல்லாமல் மேலே உப்பியிருந்தது. ஒன்றில் கபில நிறக் கசிவும் இருந்தது.

இவற்றின் வேலை என்ன? முறைவழியாக்கிக்கு வேண்டியது மிகக் குறைந்த அழுத்தம், மிகப் பெரிய ஓட்டம். 65 உவாற்று, 1.3 வோல்ற்று என்று கொண்டால், வலு = அழுத்தம் × ஓட்டம் என்பதன்படி ஓட்டம் 65 ÷ 1.3 = 50 அம்பியர். 2000 உவாற்றுக் கேத்தில் ஒன்று 230 வோல்ற்றில் எடுப்பதோ 9 அம்பியருக்கும் குறைவு. பலகை 12 வோல்ற்றை வேகமாக வெட்டி வெட்டி 1.3 வோல்ற்றாகக் குறைக்கிறது. அதனால் உண்டாகும் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்துபவை இக்கொள்ளளவிகளே. அவை தளர்ந்தால் முறைவழியாக்கிக்குப் போகும் மின் தளம்பும், கணினி நின்றுவிடும்.

ஏறத்தாழ 1999 முதல் 2007 வரை தயாரான பல தாய்ப்பலகைகளில் இப்பழுது உலகெங்கும் ஒரு தொற்றுநோய் போலப் பரவியது. பெரும்பாலும் தாய்வானில் தயாரான கொள்ளளவிகளின் மின்பகுதிரவம் சரியாக அமையவில்லை. திரவத்திலிருந்த நீர் அலுமினியத்தோடு தாக்கமுற்று ஐதரசன் வாயுவை உண்டாக்க, அமுக்கம் கூடி உருளை உப்பியது. உருளையின் தலையில் சிலுவை போன்ற கீறல் இருப்பது, வெடிக்காமல் அவ்விடத்தால் வாயு வெளியேறுவதற்கே. டெல் நிறுவனம் 2005 இல் இத்தகைய கணினிகளைத் திருத்துவதற்காக 300 மில்லியன் அமெரிக்க டொலரை ஒதுக்க நேர்ந்தது. எமது கணினியும் அக்காலத்துப் பழைய பென்ரியம் 4 தான். ஆயினும் எல்லா உப்பலுக்கும் அக்குறைபாடே காரணம் என்று எழுதக்கூடாது. வெப்பமும் வயதும் நல்ல கொள்ளளவியையும் தளர்த்தும். இயங்கும் வெப்பநிலை 10 பாகை செல்சியசு கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழ அரைவாசியாகும் என்பது பொறியியலாளரின் கணக்கு. தகரக்கூரை வகுப்பறையும் செம்மண் புழுதி அடைத்த விசிறியும் இருக்கும் இடத்தில் அக்கணக்கு எப்படிப் போகும் என்று நீங்களே பாருங்கள்.

மாற்றும்போது, பழையதில் அச்சிட்டிருக்கும் மைக்குரோபரட்டுப் பெறுமானமே புதியதிலும் இருக்க வேண்டும். வோல்ற்றுப் பெறுமானம் அதேயாகவோ கூடியதாகவோ இருக்கலாம், குறையக்கூடாது. 105 பாகை என்று குறித்த, அகத்தடை குறைந்த வகையைக் கேட்டு வாங்குங்கள். பக்கத்தில் கோடு போட்ட முனை மறை. கழற்றுமுன் அது எந்தப் பக்கம் நிற்கிறதென்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாறிப் பொருத்தினால் வெடிக்கும்.

பற்றாசு பிடிக்கும் வேலையை நான் செய்யவில்லை என்பதை ஒளிக்காமற் சொல்கிறேன். 1990களில் பொருளாதாரத் தடையால் வன்னிக்கு பற்றரி வராத காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊர் எமது ஊர். அந்தக் காலத்திலிருந்தே வானொலி திருத்திவரும் ஐயா ஒருவர்தான் செய்து தந்தார். "மாஸ்ரர், சூட்டை ஒரே இடத்திலை பிடிச்சுக்கொண்டு நிண்டா தடம் கழண்டு வந்திடும்" என்று ஒவ்வொரு முனைக்கும் சில செக்கனுக்கு மேல் எடுக்கவில்லை. வானொலிப் பலகையைவிடத் தாய்ப்பலகை கடினம். அது பல படைகளைக் கொண்டது. உள்ளேயுள்ள செப்புப் படை வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். 25 உவாற்றுப் பற்றாசுக்கோல் திணறும், 60 உவாற்று வேண்டும். வெள்ளீயமும் ஈயமும் கலந்த பழைய பற்றாசு 183 பாகையில் உருகும். 2006 யூலையில் ஐரோப்பிய ஒன்றியம் ஈயத்தைக் கட்டுப்படுத்திய பின் பரவலான ஈயமற்ற பற்றாசுக்கு 217 பாகை அளவில் வேண்டும். புகையை நுகராமல் யன்னலைத் திறந்து வையுங்கள். பழுதான வானொலிப் பலகைகளில் பத்துப் பதினைந்து தடவை பழகாமல் தாய்ப்பலகையில் கை வைக்க வேண்டாம்.

கருகிய தடம், வெடித்த பலகை, பெரிய சில்லின் அடியில் அரிப்பு ஆகியவற்றை வீட்டில் திருத்த முயல்வது வீண்செலவு. அப்போது வன்தட்டைக் கழற்றி உங்கள் கோப்புகளைக் காப்பாற்றுங்கள். 2022 நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி விழுந்து கணினி விலைகள் ஏறியபோது, நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டும் இருந்தது. மின் போனதும் செருகியைக் கழற்றி, திரும்பி வந்து சில நிமிடம் சென்றபின் செருகும் பழக்கத்தை எமது வகுப்பு அப்போதுதான் கற்றது. ஐப்பசி இடிமின்னலுக்கும் அதுவே பொருந்தும்.

பயிற்சி வினா

கணினியொன்றை இயக்கும்போது விசிறி சுழல்கிறது. பீப் ஒலி தொடர்ந்து கேட்கிறது. திரையில் எதுவும் தோன்றவில்லை.

(அ) முதலிற் பரிசோதிக்க வேண்டிய பாகம் எது?

(ஆ) இங்கு வலு வழங்கல் அலகு முற்றாகச் செயலிழக்கவில்லை எனக் கூறக் காரணம் யாது?

(இ) பீப் ஒலியை உண்டாக்கும் சோதனையை நடத்துவது எது? அது எவ்வகை நினைவகத்தில் சேமிக்கப்பட்டுள்ளது?

(அ) இற்கு "தாய்ப்பலகை" என்று எழுதியவருக்கு எனது வகுப்பில் புள்ளி இல்லை.