மோட்டார் இல்லம் நேரே செல்லுமாறு

அமெரிக்க நாட்டின் நெடுஞ்சாலைகளிலே, வீடொன்று சில்லுகள் பூண்டு நகர்வது போலச் செல்லும் பெரிய ஊர்திகளைக் காணலாம். படுக்கை, அடுக்களை, குளியலறை, தண்ணீர்த் தாங்கி ஆகிய யாவும் ஒரே கூட்டினுள் அமைந்த இவற்றை அந்நாட்டினர் மோட்டார் இல்லம் என்பர். இவற்றுட் பெரியவை 30 முதல் 40 அடி வரை நீளமும், ஏறத்தாழ எட்டரை அடி அகலமும், 12 அடி அளவான உயரமும் உடையன. இவற்றைச் செலுத்துவோர் பலர் கூறும் குறை ஒன்றுண்டு. நேரான சாலையிலும் ஊர்தி நேரே செல்வதில்லை. இடமும் வலமுமாக அலைகின்றது. சாரதி சுக்கானை ஓயாது திருத்திக்கொண்டே இருத்தல் வேண்டும். பகல் முழுவதும் இவ்வாறு திருத்தியவன் மாலையிற் சோர்வான். உள்ளே இருக்கும் குடும்பத்தின் உயிரோ சோர்ந்த அக்கையிலே தங்கியுள்ளது. ஆதலின், இக்குறையின் காரணத்தையும் அதனை நீக்கும் முறையையும் ஆராய்தல் தகும்.

மோட்டார் இல்லங்கள் பெரும்பாலும் இருவர் கைப்பட்டு உருவாகின்றன. அடிச்சட்டம், இயந்திரம், அச்சுக்கள், விற்கள் ஆகியவற்றை ஒரு நிறுவனம் செய்கின்றது. அதன்மேல் வீட்டைப் பிறிதொரு நிறுவனம் கட்டுகின்றது. ஃபோர்ட் நிறுவனத்தின் எஃப்-53 அடிச்சட்டம் இவ்வாறு பலரும் வாங்கி வீடு கட்டும் ஒன்றாகும். அடிச்சட்டத்தை அமைத்தவர் பாரம் எவ்வளவு மிகலாம் என்பதை வரையறுப்பர். குளிர்ப்பெட்டி எப்பக்கம் நிற்கும், தண்ணீர் எவ்விடத்தில் தங்கும் என்பவற்றை முன்னரே அறியார். இதற்கு மாறாக, 1973 முதல் 1978 வரை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அடிச்சட்டத்தையும் மேற்கூட்டையும் ஒருங்கே வகுத்து ஒரு மோட்டார் இல்லத்தைச் செய்தது. அதனை முன்சில்லுகளே இயக்கின. தரையின் கீழ்ப் பின்னோக்கிச் செல்லும் சுழல்தண்டு இல்லாமையால் தரை தாழ்ந்தது. தரை தாழவே புவியீர்ப்பு மையமும் தாழ்ந்தது. இத்தகைய ஒருங்கிணைப்பு இல்லாத ஊர்தியில், எஞ்சிய பணியை உரிமையாளனே நிறைவேற்றல் வேண்டும்.

அப்பணியின் முதற்படி நிறுத்தல். நெம்புகோலின் விதி இங்கே தெளிவாகத் தொழிற்படுகின்றது. இரு அச்சுக்களுக்கும் இடையே 20 அடித் தூரமுள்ள ஊர்தியொன்றில், பின்னச்சுக்கு 10 அடி பின்னே 600 இறாத்தல் பாரத்தை ஏற்றுவதாகக் கொள்க. அப்போது பின்னச்சின் மேல் 900 இறாத்தல் கூடும். முன்னச்சினின்று 300 இறாத்தல் குறையும். திசை திருப்புவன முன்சில்லுகளே. அவை சாலையை அழுத்தாவிடின் சுக்கான் எவ்வளவு செம்மையாயினும் பயன் இல்லை. ஆதலின், பயணத்துக்கு வேண்டியவற்றையெல்லாம் ஏற்றிய பின் ஒவ்வொரு சில்லின் மேலும் உள்ள பாரத்தைத் தனித்தனியே அறிந்து, பின்னே உள்ள கனமான பொருள்களை முன்னோக்கியும் தாழ்வாகவும் மாற்றுதல் நன்று. இதற்குச் செலவும் சிறிதே.

இரண்டாவது, டயரின் காற்றமுக்கம். டயரின் பக்கத்திற் பொறித்துள்ள அமுக்கம், அது தாங்கக்கூடிய மிகப் பெரிய பாரத்துக்கு உரியது. குறைந்த பாரத்துக்கும் அதனையே இட்டால் டயர் விறைத்துச் சாலையைத் தொடும் பரப்புக் குறையும். ஊர்தி சிறு மேடுபள்ளத்துக்கும் துள்ளும். அமுக்கம் தேவைக்குக் குறைந்தாலோ டயர் சூடேறி வெடிக்கவும் கூடும். டயர் செய்தோர் வெளியிடும் பார அட்டவணையைப் பார்த்து, ஓரச்சிலுள்ள சில்லுகளுள் மிகுந்த பாரம் தாங்குவதற்கு உரிய அமுக்கத்தை அவ்வச்சின் சில்லுகள் அனைத்துக்கும், டயர் குளிர்ந்திருக்கும் பொழுது இடுதல் வேண்டும்.

மூன்றாவது, தேய்ந்த மூட்டுக்களை மாற்றியபின் சில்லுகளின் கோணங்களைச் சீர்செய்தல். துவிச்சக்கர வண்டியின் முன்கவை பின்னோக்கிச் சாய்ந்திருத்தலை யாவரும் கண்டிருப்பர். மோட்டாரின் முன்சில்லு திரும்பும் அச்சும் அவ்வாறே சாய்ந்துள்ளது. அவ்வச்சின் கோட்டைத் தரைவரை நீட்டினால், சில்லு தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னே அது படும். ஆகவே சில்லு பின்தொடர்ந்து இழுபட்டுத் தானாகவே நேராக முயல்கின்றது. இச்சாய்வு குறைந்தால் ஊர்தி அலையும். அளவுக்கு மிஞ்சினால் சுக்கான் கனக்கும். முன்சில்லுகளின் முன்விளிம்புகள் சிறிதளவு உள்நோக்கி இருத்தலும் நேர்ச்செலவுக்குத் துணையாகும். இச்சீரமைப்பைப் பாரம் ஏற்றிய நிலையிற் செய்தலே முறை.

இவை முடிந்த பின்னரே புதிய உறுப்புக்களைப் பற்றி எண்ணுதல் வேண்டும். 36 அடி நீளமும் 9 அடி உயரமும் உள்ள பக்கச்சுவரின் மேல் மணிக்கு 30 மைல் வேகமுள்ள காற்று நேரே மோதினால், 700 இறாத்தலுக்கு மேற்பட்ட விசை தோன்றும். காற்றின் வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். பெரிய பாரவண்டி முந்திச் செல்லும் பொழுதும் காற்று முதலில் ஊர்தியை அப்பாற் தள்ளிப் பின்னர் அவ்வண்டியை நோக்கி இழுக்கும். இவ்விசையால் ஊர்தியின் உடல் பட்டைவிற்களின் மேற் பக்கவாட்டில் நகரும். அதனைத் தடுப்பது, ஒரு முனை அச்சிலும் மறுமுனை அடிச்சட்டத்திலும் பொருந்திய குறுக்குக்கோல். பிரான்சு நாட்டு மோட்டார் நிறுவனமொன்றின் பெயரால் அது பானார் கோல் எனப்படும். நீராவி இயந்திரத்துக்காக ஜேம்ஸ் வாட் 1784இல் உரிமை பெற்ற இணைகோல் அமைப்பும் இதே தொழிலுக்குப் பயன்படுவதுண்டு. வளைவுகளில் உடல் சாய்வதைக் குறைக்க முறுக்குக்கோல் உதவும். முன்னும் பின்னும் அதன் வலிமை ஒத்திருத்தல் வேண்டும். சுக்கானின் அதிர்வைத் தணிக்கும் உருளையோ, சாலையின் அதிர்ச்சி கையை எட்டாது தடுக்குமேயன்றித் தேய்ந்த மூட்டைக் குணப்படுத்தாது.

ஈண்டுச் செலவிலும் முறையே முதன்மையானது. பல உறுப்புக்களை ஒரே நாளிற் பூட்டியவன், நன்மை எதனால் விளைந்தது என்பதை அறியான்; தீமை விளைந்தாலும் அதன் காரணத்தை அறியான். ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியே செய்து, அதே சாலையில், அதே பாரத்துடன் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். அறிவியற் கூடத்தில் மாணவன் ஒன்றை மாற்றி ஏனையவற்றை மாறாது வைத்துச் சோதிக்கும் முறையும் இதுவே. இவ்வளவும் செய்தபின்னும் உயர்ந்த சுவரும் மிகுந்த திணிவும் ஊர்தியை விட்டு நீங்கா. ஆதலின், காற்று மிகும் பொழுது வேகத்தைக் குறைக்கும் சாரதியே அவ்வூர்தியின் சிறந்த உறுப்பாவான்.