சக்கரங்களின் மேல் ஓர் இல்லம்: சன்னலுக்குக் கண்ணாடி ஒன்றா, இரண்டா?

1931-ஆம் ஆண்டு. ஜெர்மனியின் தென்பகுதியில், ஆல்ப்ஸ் மலைகளுக்கு அருகே இஸ்னி என்றொரு சிற்றூர். அங்குச் சவுக்குகளும் பனிச்சறுக்குத் தடிகளும் செய்து விற்ற குடும்பத்தைச் சேர்ந்தவர் அரிஸ்ட் டெத்லெஃப்ஸ். வணிகத்தின் பொருட்டு அவர் நெடுநாட்கள் ஊர் ஊராகச் சுற்ற வேண்டியிருந்தது. அவருடைய வாழ்க்கைத் துணைவி ஃப்ரிடல் எடெல்மன் ஓர் ஓவியக் கலைஞர். பிரிந்திருக்க மனமில்லாத அவ்விருவரும் ஒன்றாகப் பயணம் செய்ய அவர் ஒரு வழி கண்டார். சக்கரங்களின் மேல் ஒரு சிறு வீட்டை அமைத்து, அதனைத் தம் காரின் பின்னே பூட்டிக்கொண்டார். ஜெர்மனியில் வண்டிவீடுகளின் வரலாறு இவ்வாறுதான் தொடங்கிற்று. குடும்பம் பிரியலாகாது என்ற எண்ணமே அதற்கு வித்தாயிற்று.

இன்று எஞ்சினும் இல்லமும் ஒன்றாக இணைந்த மோட்டார் வீடுகள் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஏராளமாக ஓடுகின்றன. நம்மவர் இவற்றைக் ‘கேரவன்’ என்றே அழைப்பர். விடுமுறைக்காக வாங்குவோர் உண்டு. பணி ஓய்வுக்குப் பின் நாடு சுற்ற வாங்குவோர் உண்டு. வீட்டு வாடகையைத் தாங்க இயலாமல், ஆண்டு முழுவதும் இவற்றிலேயே குடியிருக்கும் குடும்பங்களும் அமெரிக்காவிலும் கனடாவிலும் உண்டு. அந்நாடுகளில் குடியேறியுள்ள நம் பங்குக் குடும்பங்களின் பிள்ளைகளும் இத்தகைய வண்டியொன்றை வாங்க எண்ணக்கூடும்.

வாங்கச் செல்வோரிடம் விற்பவர் கூறும் சிறப்புகளுள் ஒன்று, “இதற்கு இரட்டைக் கண்ணாடிச் சன்னல்கள்” என்பது. அதற்காக விலையும் சற்றுக் கூடும். அந்தக் கூடுதல் விலை தகுமா? இது பணத்தைப் பற்றிய கேள்வி மட்டுமன்று; சன்னலோரம் உறங்கும் குழந்தையின் நெஞ்சைப் பற்றிய கேள்வியும் ஆகும்.

இரு கண்ணாடிகளின் இடையே

இரட்டைச் சன்னலின் தத்துவம் எளியது. கண்ணாடி வெப்பத்தை எளிதில் கடத்தும். அசையாது அடைபட்ட காற்றோ எளிதில் கடத்தாது. இரண்டு கண்ணாடிகளை விரலளவு இடைவெளி விட்டு நிறுத்தி, ஓரங்களை மூடிவிட்டால், இடையே அகப்பட்ட காற்று ஒரு போர்வையாகிறது. ஒற்றைக் கண்ணாடி வழியே வெளியேறும் வெப்பத்தில் ஏறத்தாழப் பாதியே இரட்டைக் கண்ணாடி வழியே வெளியேறும்.

ஐரோப்பிய வண்டிகள் பெரும்பாலானவற்றில் இவ்விரட்டைச் சன்னல்கள் அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை, எடை குறைந்தவை. அமெரிக்க வண்டிகள் பலவற்றில் ஒற்றைக் கண்ணாடியே வழக்கம். இரட்டைக் கண்ணாடி வேண்டுவோர் அதற்கெனத் தனியே பணம் செலுத்த வேண்டும்.

எரிபொருள் கணக்கு

ஒரு மோட்டார் வீட்டின் சன்னல்களின் மொத்தப் பரப்பு 4 சதுர மீட்டர் எனக் கொள்வோம். வெளியே உறைநிலைக்குக் கீழே 10 டிகிரி. உள்ளே 20 டிகிரி. இந்நிலையில் ஒற்றைக் கண்ணாடி வழியே ஏறத்தாழ 680 வாட் வெப்பம் இடைவிடாது வெளியேறும். சாதாரண இரட்டைக் கண்ணாடி வழியே 340 வாட். மின்சாரக் கணக்கில் கூறினால் நாளொன்றுக்கு 8 யூனிட் மிச்சம். புரொப்பேன் வாயுவால் சூடாக்கும் வண்டியாயின் முக்கால் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட வாயு மிஞ்சும். நம் வீட்டுச் சமையல் சிலிண்டரின் 14.2 கிலோ வாயுவோடு ஒப்பிட்டால், இரண்டரை வாரத்திற்கு ஒரு சிலிண்டர் மிச்சமாகும் எனலாம்.

குளிர்காலம் முழுவதும் வண்டியில் வாழும் குடும்பத்திற்கு இது சிறிய தொகையன்று. கோடையில் இரண்டு வாரம் மட்டும் ஏரிக்கரைக்குச் சென்று வரும் குடும்பத்திற்கோ இந்த மிச்சம் ஒரு பொருட்டேயன்று.

ஈரம் என்னும் பகைவன்

எரிபொருளினும் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. அது ஈரம். உறங்கும் மனிதர் மூச்சினாலும் தோலினாலும் நீராவியை வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறார். தாய், தந்தை, இரு பிள்ளைகள் என நால்வர் எட்டு மணி நேரம் உறங்கினால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் அந்தச் சிறு அறையின் காற்றில் கலந்துவிடும். சமையலடுப்பில் ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீர் ஆவியாகப் பிறக்கும். கல்வீட்டில் இது தெரியாது; வண்டிவீட்டில் மறைய இடமில்லை.

உள்ளே 20 டிகிரி வெப்பமும் 50 விழுக்காடு ஈரப்பதமும் இருக்குமாயின், 9 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எப்பொருளின் மீதும் அந்த ஆவி நீராகப் படியும். வெளியே 0 டிகிரி ஆயின், ஒற்றைக் கண்ணாடியின் உட்புறம் ஏறத்தாழ 5 டிகிரிக்குக் குளிர்ந்துவிடும், நீர் வழிந்தோடும். இரட்டைக் கண்ணாடியின் உட்புறமோ 12, 13 டிகிரியில் நிற்கும், உலர்ந்தே இருக்கும். வழிந்த நீர் எங்கே போகிறது? சுவரின் மரச்சட்டத்துள்ளும் மெத்தையின் அடியிலும் இறங்குகிறது. சில வாரங்களில் பூஞ்சணம் பூக்கிறது. ஈரமும் பூஞ்சணமும் உள்ள இல்லங்களில் வாழ்வோருக்கு ஆஸ்த்மாவும் மூச்சுத் தொல்லைகளும் மிகுதி என்பதை உலகச் சுகாதார நிறுவனம் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டு நூலில் எடுத்துரைத்துள்ளது.

மேலும், குளிர்ந்த கண்ணாடியருகே படுத்திருப்பவரின் உடல் வெப்பம் அக்கண்ணாடியை நோக்கி வெளியேறுகிறது. அறைக்காற்று வெதுவெதுப்பாக இருந்தும் சன்னலோரத்துப் பிள்ளை நடுங்குவதற்கு இதுவே காரணம்.

சன்னல் மட்டும் போதுமா?

போதாது. சன்னல்களின் பரப்பைப் போலச் சுவர், கூரை, தரை ஆகியவற்றின் பரப்பு பத்து மடங்கிற்கும் மேலாகும். அவை மெலிந்திருக்கச் சன்னலை மட்டும் இரட்டையாக்குதல், கிழிந்த கூடாரத்திற்குத் தேக்குக் கதவு பொருத்துவதற்கு ஒப்பாகும். தரைக்குக் கீழே ஓடும் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தால் இரட்டைச் சன்னல் என்ன செய்யும்? ஓட்டுநரின் முன்னே உள்ள பெரிய கண்ணாடியும் பெரும்பாலும் ஒற்றைத் தடுப்பாகவே இருக்கும். அதற்கு வெளிப்புறம் போர்த்தும் தடித்த விரிப்பே ஏற்றது. உட்புறத் திரை மட்டும் இட்டால், அதன் பின்னே நீர் படியும்.

எனவே, விற்பவரிடம் முதலில் கேட்கத்தக்கது சன்னலைப் பற்றியன்று. முழு வண்டியைப் பற்றியே. ஐரோப்பாவில் ஈ.என். 1646 என்னும் தரநெறி இதற்கென மூன்று நிலைகளை வகுத்துள்ளது. மூன்றாம் நிலைக்குரிய வண்டி, 15 டிகிரி உறைகுளிரில் நிறுத்தப்பட்டு, நான்கு மணி நேரத்துள் உள்ளே 20 டிகிரியை எட்ட வேண்டும். தண்ணீர்க் குழாய்களும் இயங்க வேண்டும். வட அமெரிக்காவில் “நான்கு பருவங்களுக்கும் ஏற்றது” என்று வண்டிகள் விளம்பரம் செய்யப்படுவதுண்டு. ஆனால் அச்சொல்லுக்கு எல்லாரும் ஏற்ற பொது அளவுகோல் இல்லை.

வெயில் மிகுந்த இடங்களின் கதை வேறு. நிறமற்ற கண்ணாடி இரண்டாயினும் கதிரவனின் ஒளிக்கதிர்களைப் பெரிதும் உள்ளே விட்டுவிடும். அங்கே சன்னலுக்கு வெளியே விரிக்கும் நிழற்கூரை, இரண்டாம் கண்ணாடியைவிட மிகுந்த பயன் தரும்.

குறைகளும் உண்டு

இரண்டாம் கண்ணாடி ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமார் 10 கிலோ எடையைக் கூட்டும். சாலையின் அதிர்ச்சியாலும், மலையேறி இறங்கும்போது மாறும் காற்றழுத்தத்தாலும் ஓர முத்திரை நாளடைவில் விரிசல் காணலாம். அப்போது ஈரம் புகுந்து இரு கண்ணாடிகளுக்கும் இடையே மூடுபனி போல் படியும். துடைக்க வழியில்லை, சன்னலையே மாற்ற வேண்டும். அக்ரிலிக் சன்னல் எளிதில் கீறல் விழும். சாராயம் கலந்த துப்புரவு நீர் பட்டால் வெடிப்புறும். சட்டம் வெறும் அலுமினியமாயின், கண்ணாடி உலர்ந்திருக்க, சட்டத்தில் நீர் கோக்கும். பழைய வண்டி வாங்குவோர் ஒவ்வொரு சன்னலையும் வெளிச்சத்திற்கு எதிரே நோக்கி, இடையே மங்கல் உண்டா என்று பார்ப்பது நலம்.

எல்லாவற்றிற்கும் மேலாக ஓர் எச்சரிக்கை. கதகதப்புக்காகக் காற்றுத் துவாரங்களை அடைக்கலாகாது; சமையலடுப்பை எரியவிட்டு அறையைச் சூடாக்கலாகாது. நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு, உறங்குவோரை எழுப்பாமலே உயிரைக் கவர்ந்துவிடும். இரட்டைச் சன்னலைவிட முதலில் வாங்க வேண்டியது அந்நச்சுவாயுவை அறிவிக்கும் எச்சரிக்கைக் கருவியே. ஈரத்தை வெளியேற்றவும் காற்றோட்டமே முதல் மருந்து. கண்ணாடி அதற்குத் துணை மட்டுமே.

முடிவு என்ன?

கோபுரம் கட்டப் புகுமுன் அமர்ந்து செலவைக் கணக்கிடும் மனிதனைப் பற்றி நம் ஆண்டவர் உவமை கூறினார். மோட்டார் வீடு வாங்குவோரும் அவ்வாறே அமர்ந்து கணக்கிடட்டும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: “ஆண்டில் எத்தனை குளிரிரவுகள் நம் குடும்பம் இதில் உறங்கப் போகிறது?” சில இரவுகளே எனில், தடித்த திரையும் நல்ல காற்றோட்டமும் போதும், மிஞ்சும் பணம் வேறு தேவைக்கு உதவட்டும். குளிர்காலம் முழுவதும் எனில், நல்ல சுவரும் தரையும் அமைந்த வண்டியில் இரட்டைச் சன்னல் ஆடம்பரமன்று, தேவையே. அதிலும் குழந்தைகளும் முதியோரும் உடன் இருப்பின் ஐயமே வேண்டா.

பெத்லகேமில் இடமின்றி அலைந்தும், எகிப்துக்கு இரவோடிரவாகப் புறப்பட்டும் சென்ற திருக்குடும்பத்தை நாம் அறிவோம். அலைந்த அந்நாட்களிலும் குழந்தையையும் தாயையும் காப்பதே சூசையப்பரின் கவலையாய் இருந்தது. வீடு கல்லால் ஆனதாயினும், சக்கரங்களின் மேல் ஓடுவதாயினும், அதனுள் உறங்குவோரின் நலனை முதலில் எண்ணுவதே குடும்பத் தலைவரின் கடமை. அவ்வெண்ணத்தோடு தேர்ந்தெடுக்கப்படும் இல்லத்தில் இறைவனின் ஆசியும் தங்கும்.